தொண்ணூறாம் ஆண்டுப் போத்தல்

குசினித் தகரத்தின் மேல் ‘தடார்’ என்று ஏதோ விழுந்தது. அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுத்தன.

உதயரூபன் கூரையை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பாய்ந்து போய்த் தண்ணீர்ப் பானையின் முன்னால் குந்தினார். பானைக்கு அடியில் கொட்டியிருந்த ஈர மணலுக்குள், கழுத்து மட்டும் வெளியே தெரிய ஒரு கறுப்புப் போத்தல் நின்றது. அதில் கை வைக்காமல், மூச்சும் விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“தென்னமட்டைதான் விழுந்தது, சித்தப்பா!” வளவுக்குள் இருந்து தக்ஷாயினி கத்தினாள். “போத்தல் என்ன பாடு?”

“அசையல்ல.”

“நீங்கதான் அசைஞ்சு போனீங்க போல. முகத்தப் பாருங்க, பேயக் கண்ட ஆள் மாதிரி.”

சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். உதயரூபனின் அண்ணன் மகள். வயது முப்பத்துமூன்று. பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை. பிரான்சிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த வைனுக்குத் தன் கையாலேயே சமைக்க வேண்டும் என்று இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுப் பனிச்சங்கேணியில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள்.

“குலுங்கினா என்ன, வெடிக்குமா?”

“அடியில மண்டி இருக்கு மகள். முப்பத்திநாலு வருசத்து மண்டி. குலுங்கினா எல்லாம் மேல வந்து கலந்திரும். மறுகா வாயில வைக்க ஏலா, கசக்கும். அதான் ரெண்டு நாளா நிமிர்த்தி வச்சிருக்கன்.”

“பிரிட்ஜுக்குள்ள வைக்கலாமே?”

“விறைச்சுப் போகும். இது மெல்லிய குளிர்தான் கேக்கும். அதுக்கு இந்த ஈர மணல் போதும்.”

“எங்கட அம்மாவும் இப்பிடித்தான். குலுக்காம, சூடு படாம வச்சிருக்கணும்,” என்றாள் தக்ஷாயினி.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். உதயரூபன் முகத்தைப் போத்தல் பக்கமே திருப்பிக்கொண்டார்.

அவர் வந்து பதின்மூன்று நாட்கள். நாளை மறுநாள் விமானம். பதின்மூன்று நாட்களாக நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போன ஒன்றை, இன்றைக்கு இந்தப் போத்தல் காலியாவதற்குள் மச்சாளிடம் சொல்லியாக வேண்டும்.

விஷயம் இதுதான். மச்சாள் மங்கையற்கரசி முப்பத்துநான்கு வருடமாகக் காத்திருக்கும் புருஷன், உதயரூபனின் அண்ணன் அருமைநாயகம், உயிரோடு இல்லை. உதயரூபனுக்கு அது முதல் நாளிலிருந்தே தெரியும்.

தொண்ணூறாம் ஆண்டு, புரட்டாதி மாதம். அண்ணனும் தம்பியும் வாவியில் தோணி நிறுத்தி வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கரையில் துவக்குச் சத்தம் கேட்டது. சுட்டது யார், எதற்காக என்று கேட்கிற காலம் இல்லை அது. உதயரூபன் தண்ணீருக்குள் பாய்ந்தார். தண்ணீருக்குள் வேரிறக்கி நிற்கும் கரையோரக் கண்ணா மரங்களின் வேர்களுக்குள், மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தார். எல்லாம் அடங்கியபின் அண்ணனின் உடலைச் சேற்றுத்திட்டுக்கு இழுத்துப் போய்க் கையாலேயே தோண்டி மூடினார். பொழுது சாய வீட்டுக்கு வந்தபோது வாசலில் மச்சாள் நின்றார். ஐந்து மாதக் கர்ப்பிணி.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வாய் வேறொன்றைச் சொன்னது. “அண்ணாவ லொறியில ஏத்திக்கொண்டு போறாங்கள் மச்சாள். உயிரோடதான் போறார். விசாரிச்சிட்டு விட்டிருவாங்கள்.”

பிள்ளை பிறக்கட்டும், பிறகு சொல்வோம் என்றுதான் நினைத்தார். எட்டாம் நாள் கொழும்புக்குப் போனார். அங்கிருந்து பிரான்ஸ். பிள்ளை பிறந்தது. நடந்தது. பள்ளிக்கூடம் போனது. தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் மச்சாள் முதலில் கேட்பது ஒன்றுதான்.

“தம்பி, என்னட்டச் சொல்ல ஏதும் இருக்கா?”

ஒவ்வொரு முறையும் அவர் சொன்னதும் ஒன்றுதான். “இல்ல மச்சாள்.”

இந்த வீட்டைப் பொறுத்தவரை அருமைநாயகம் சாகவில்லை. மண்டபத்துச் சுவரில் தொங்கும் படத்துக்கு மாலை கிடையாது, விளக்கும் கிடையாது. வந்த இரண்டாம் நாள் துவாய் தேடி உதயரூபன் அலுமாரியைத் திறந்தார். சேட்டுகள், மடிப்புக் கலையாத புதுச் சேட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக முப்பத்துநான்கு. சித்திரை வருடப் பிறப்புக்கு ஒன்று என்று மச்சாள் வாங்கி வைத்தவை. அடியில் கிடந்தவை ஒல்லியான வாலிபனுக்குரியவை. மேலே வர வரக் கழுத்தளவு கூடியது. வயிறு வைத்த ஆளின் அகலம் வந்தது. நடுவில் ஓரிடத்தில், கூட்டோடு ஒரு வாசிப்புக் கண்ணாடி. அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயதாகியிருக்க வேண்டிய வருடத்துச் சேட்டின் மேல்.

அலுமாரிக்குள் அண்ணனுக்கு வயது போய்க்கொண்டிருந்தது. உதயரூபன் துவாய் எடுக்காமலே கதவை மூடினார்.

பாரிசில் ஒரு பழைய உணவகத்தில் கோப்பை கழுவப் போனவர் அவர். பதினோராம் வருடம் வைன் வைத்திருக்கும் நிலவறைக்கு அனுப்பினார்கள். போத்தல்களைப் படுக்கவைக்கவும் ஆண்டு பார்த்து அடுக்கவும் பழகினார். முதலாளி மணக்கவும் சுவைக்கவும் பழக்கினார். அந்த இருட்டில் அடிக்கடி ஒரு சத்தம் கேட்கும். ‘டொக், டொக்.’ மீனை வலைப்பக்கம் கலைக்க, அண்ணன் துடுப்பால் தோணி விளிம்பில் இரண்டு முறை தட்டுகிற சத்தம். தண்ணீர்க் குழாய்தான் தட்டுகிறது என்றார்கள். குழாயை மாற்றினார்கள். அதன் பிறகும் கேட்டது.

வேலையை விட்டு நின்ற அன்று, “விரும்பின ஒன்றை எடுத்துக்கொள்” என்றார் முதலாளி. பேர்போன போத்தல்கள் எத்தனையோ இருந்தன. உதயரூபன் எடுத்தது போர்தோ பக்கத்துச் சிவப்பு வைன் ஒன்று. லேபலில் 1990. அங்கே திராட்சை பறிப்பது புரட்டாதியில். அவர் சேற்றைத் தோண்டிய அதே நாட்களில், அங்கே யாரோ இந்தத் திராட்சையைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் போத்தலை மச்சாளோடு இருந்துதான் திறப்பது, திறந்தால் சொல்லிவிடுவது என்று அன்றைக்கே முடிவெடுத்திருந்தார்.

அதற்கு என்ன சமைப்பது என்பதில் சித்தப்பாவுக்கும் மகளுக்கும் இரண்டு நாள் வழக்கு.

“நண்டு,” என்று தொடங்கினாள் தக்ஷாயினி. “பனிச்சங்கேணியில இருந்துகொண்டு நண்டு இல்லாத விருந்தா?”

“நண்டும் வேணாம், மீனும் வேணாம். சிவப்பு வைனோட சேர்ந்தா வாய்க்குள்ள இரும்ப நக்கினமாதிரி வரும்.”

“அட, அதுதானா அது! ஹோட்டல்ல ஒரு வெள்ளைக்காரன் நண்டுக்கறியோட சிவப்பு வைனக் குடிச்சிட்டு, நண்டு பழசு எண்டு என்னக் கூப்பிட்டுப் பேசினான். விடியப் பிடிச்ச நண்டு சித்தப்பா! நான் குசினிக்குப் பின்னால போய் அழுதன்.”

“நண்டிலயும் பிழையில்ல, வைனிலயும் பிழையில்ல. ரெண்டையும் ஒரு வாய்க்குள்ள விட்டதுதான் பிழை.”

“சரி, ஆட்டிறைச்சி. நல்ல உறைப்பா, கொஞ்சம் புளி விட்டு…”

“புளியும் விடாத. மிளகாயும் போடாத.”

“அப்ப என்ன, ஆஸ்பத்திரிச் சாப்பாடா?”

உதயரூபன் சிரித்துவிட்டார். வந்த நாளிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. பிறகு விளங்கப்படுத்தினார். இளம் வைன் நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கை இழுக்கும். கொழுப்பு இறைச்சியைக் கொடுத்தால்தான் அடங்கும். முப்பது வருடம் தாண்டினால் அந்த இழுப்பு தானாக அடங்கிவிடும். பழ வாசம் பின்னால் போய், காய்ந்த இலையும் ஈர மண்ணும் மணக்கத் தொடங்கும். அப்படியான வைன் மெதுவாகத்தான் பேசும். பக்கத்தில் மிளகாய் நின்று கத்தினால் அது சொல்வது கேட்காது. ஆகவே எலும்போடு ஆட்டுத்தொடை, உப்பு, மிளகு, கொஞ்சம் நெய். சட்டியில் நாலு மணித்தியாலம் தணல் நெருப்பு. பக்கத்தில் வெறும் மரவள்ளிக்கிழங்கு அவியல். மண் மணக்கிற வைனுக்கு மண் மணக்கிற ஏதாவது ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

“புத்துக்காளான்!” தக்ஷாயினி துள்ளினாள். “போன கிழமை மழை பெஞ்சதுதானே. வட்டைப் பக்கம் வயல் வரம்பெல்லாம் பூத்துக் கிடக்கு.”

இறைச்சிக்காக நேற்றே ஓட்டமாவடிக்குப் போனார் உதயரூபன். கடைக்காரர் மீராசாஹிப்புக்கு அறுபத்தைந்து வயது இருக்கும்; ஊருக்கே ‘காக்கா’, மூத்த அண்ணன் முறை. கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்.

“முழுத் தொடையா? ஆரு வாறா தம்பி, மாப்பிள்ளை வீட்டாக்களா?”

“வீட்டுக்குத்தான் காக்கா.”

மீராசாஹிப் கத்தியை நிறுத்தினார். முகத்தை உற்றுப் பார்த்தார். “இந்த முகவெட்டு… அருமைநாயகத்தார்ர தம்பியா நீங்க? அல்லாஹ்வே! அவரு வந்திட்டாரா?”

“இல்ல காக்கா.”

“வருவாரு. மங்கையக்கா நம்பித்தானே இரிக்கிறா. வந்தா உடனே சொல்லியனுப்புங்க. ஈரல் எண்டா உசிரு அவருக்கு. தனியா எடுத்து வைப்பன்.”

பஸ்ஸில் வரும்போது மடியில் இருந்த இறைச்சிப் பொதி கனத்தது.

இன்று காலையே மங்கையற்கரசி கிரானுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். ஆரத்தி எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். புருஷன் உள்ள பெண்தான் அதை எடுக்கலாம். இவர் எடுப்பதைப் பற்றிப் பின்னால் முணுமுணுப்பவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த நெற்றிக் குங்குமத்தையும் நிமிர்ந்த கழுத்தையும் பார்த்து நேரே சொல்லும் துணிவு ஒருவருக்கும் வரவில்லை. இன்றைக்கு உண்மையைச் சொன்னால் கிரானில் எடுத்ததுதான் மச்சாளின் கடைசி ஆரத்தி. அதுவும் உதயரூபனுக்குத் தெரியும்.

“ரெண்டு மணிக்கு வந்திருவன். அந்தப் பிரான்சுக் கள்ள நான் வராமக் குடிச்சிராதீங்க,” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

“அம்மாவா? குடிக்கிறன் எண்டா சொன்னவ?” தக்ஷாயினிக்கு நம்ப முடியவில்லை. “கல்யாண வீட்டுல சோடா குடிச்சாலே தலை சுத்துது எண்டுவா.”

“ஒரு வாய் குடிக்கிறன் எண்டவ.”

“என்ன மந்திரம் போட்டீங்க?”

“தொண்ணூறாம் ஆண்டு வைன் எண்டு சொன்னன். அவ்வளவுதான். எந்த ஆண்டு எண்டு திரும்பவும் கேட்டா. மறுகா சரி எண்டா.”

ஒன்றேகால் மணிக்குப் போத்தலை மணலிலிருந்து எடுத்தார். குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் பிடித்து, சரிக்காமல், மண்டபத்துக்குக் கொண்டுபோனார். வீட்டில் இருந்த ஒரே மேசை அங்கேதான் கிடந்தது, அண்ணனின் படத்துக்கு நேர் கீழே.

திருகாணி பாதி இறங்கும்போதே தக்கை நொறுங்கத் தொடங்கியது. வியர்வை புருவத்தில் வழிந்தது. நிறுத்தி, சரித்து, மறுபடி மெல்ல மெல்லத் திருகினார். கடைசியில் முனகல் மாதிரி ஒரு சத்தத்தோடு தக்கை வெளியே வந்தது.

“டோர்ச் இருக்கா மகள்? கழுத்துக்குக் கீழ வெளிச்சம் வேணும். ஊத்தக்குள்ள மண்டி வாற இடத்தில நிப்பாட்டணும்.”

“பேட்டரி செத்துப் போச்சு. மெழுகுதிரி இருக்கு.”

மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்தாள். சுடருக்கு மேல் போத்தலின் கழுத்தைப் பிடித்து, கண்ணாடிச் சாடிக்குள் நூலாக ஊற்றினார். கறுப்புப் போத்தலுக்குள் இருந்து வந்தது கறுப்பு இல்லை. நடுவில் சிவப்பு, விளிம்பில் பழைய செங்கல்லின் நிறம். அடிமண்டி புகைபோலக் கழுத்தை நோக்கி ஊர்ந்தபோது கையை நிமிர்த்தினார்.

தக்ஷாயினி மூக்கைக் கொண்டுபோனாள். முகத்தைச் சுளித்தாள். “ஒண்டும் மணக்கல்ல சித்தப்பா. பூட்டிக் கிடந்த அலுமாரி மாதிரி இருக்கு. புளிச்சு வினாகிரியாப் போயிருந்தாச் சொல்லுங்க, வெங்காயத்துக்கு ஊத்துவம்.”

“பொறு. இவ்வளவு காலம் அடைச்சுக் கிடந்தது. கொஞ்சம் மூச்சு விடட்டும். அரை மணித்தியாலம். அதுக்கு மேலயும் விட ஏலா. இந்த வயசில திறந்தா அது உயிரோட நிக்கிறது கொஞ்ச நேரம்தான்.”

“அதுக்குள்ள நான் ஒரு போட்டோ எடுத்திர்றன். ஹோட்டல்ல காட்டணும்.”

வாழையிலை ஒன்றை நறுக்கி விரித்தாள். மரவள்ளி, அதன் மேல் நெய் மினுங்கும் இறைச்சி, ஓரத்தில் மிளகில் பிரட்டிய காளான். கிளாஸில் இரண்டு விரல் உயரத்துக்கு வைன் ஊற்றி இலைக்கு வலப்பக்கம் வைத்தாள். மெழுகுதிரியை அணைக்காமல் பின்னால் தள்ளினாள். அப்பாவின் படமும் வரும்படி தள்ளி நின்று நாலைந்து படம் எடுத்தாள்.

காற்று திரும்பி, பின் வளவு அடுப்புப் புகை மண்டபத்துக்குள் நுழைந்தது.

“ஐயோ, புகை! மணம் முழுக்கக் கெட்டிரும். எல்லாம் அப்பிடியே இருக்கட்டும். யன்னலச் சாத்து, கதவையும் சாத்து. ஒருத்தரும் உள்ள போக வேணாம்,” என்றார் உதயரூபன்.

இருவரும் கதவைச் சாத்திவிட்டுப் பின் வளவுக்குப் போனார்கள். தாங்கள் என்ன செய்து வைத்தோம் என்பது இருவருக்கும் உறைக்கவில்லை. அவர் ஊரை விட்டு முப்பத்துநான்கு வருடம். அவள் வளர்ந்த வீட்டில் ஒரு நாளும் அப்படி ஒன்று வைத்ததில்லை.

அடுப்படியில் தணல் மட்டும் இருந்தது. தக்ஷாயினி சட்டியை வழித்துக்கொண்டிருந்தாள். உதயரூபன் வாவியைப் பார்த்தபடி நின்று, சொல்லப்போகும் முதல் வார்த்தையைத் தேடினார். ‘மச்சாள், ஒரு விஷயம்.’ இல்லை. ‘மச்சாள், அண்டைக்கு நான் சொன்னது…’ அதுவும் இல்லை.

‘டொக், டொக்.’

தண்ணீர்ப் பக்கம்தான். கையைக் கண்ணுக்கு மேல் பிடித்துப் பார்த்தார். உச்சி வெயிலில் வாவி தகடு மாதிரிக் கிடந்தது. ஒரு தோணியும் இல்லை.

“மகள், உனக்கு ஏதும் கேட்டிச்சா?”

“என்ன?”

“ஒண்டுமில்ல.”

சொல்லி வாய் மூடவில்லை.

‘டொக். டொக். டொக்.’

இந்த முறை தக்ஷாயினியும் நிமிர்ந்தாள். துடுப்புச் சத்தம் எப்போதும் இரண்டுதான். இது மூன்று. வாவியிலிருந்து வரவில்லை. வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

உதயரூபனுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பக்கத்தில் செத்தவருக்குப் படையல் வைத்தால், அவர் விரும்பியதெல்லாம் இலையில் வைப்பார்கள். குடிக்கிறவராக இருந்தால் அதையும் வைப்பார்கள். விளக்கேற்றி, கதவைச் சாத்தி, எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். அவர் வந்து சாப்பிட்டுப் போக நேரம் கொடுத்து, பிறகு வந்து மூன்று முறை தட்டுவார்கள். உள்ளே இருப்பவர் எழுந்து போகட்டும் என்று. தட்டாமல் திறக்கக் கூடாது.

விழுந்தடித்துக்கொண்டு முன் பக்கம் ஓடினார்.

மங்கையற்கரசி மண்டபக் கதவின் முன்னால் நின்றார். கல்யாணப் பட்டுச்சேலை, தலையில் வாடாத பூ. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். யன்னல் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்திருக்க வேண்டும். தட்டிய கை இன்னும் கதவில்தான் இருந்தது.

“அம்மா! நேரத்தோட வந்திட்டீங்க!” பின்னால் வந்த தக்ஷாயினி மூச்சு வாங்கினாள். “ஏன் தட்டுறீங்க? உள்ள ஆருமில்ல, சும்மா தள்ளுங்க.”

“தட்டாமத் திறக்கிறதில்ல மகள்,” என்றார் மங்கையற்கரசி. திரும்பிப் பார்க்கவில்லை. “இருக்கிற ஆள் எழும்பணும்தானே.”

கதவைத் திறந்தார்.

சூடான அறையில் மெழுகுதிரி நேராக எரிந்தது. காற்றில்லாத அந்த அறைக்குள் இப்போது மணம் நிறைந்திருந்தது. மழை விழுந்த மண்ணும் சுருட்டுப் பெட்டியும் வெயிலில் காய்ந்த நாவல்பழமும் சேர்ந்த மணம். யாரோ அப்போதுதான் எழுந்து போன அறை மாதிரி இருந்தது. கிளாஸைப் பார்த்தார் உதயரூபன். இரண்டு விரல் ஊற்றியது, ஒன்றரை விரல்தான் இருப்பது போலத் தெரிந்தது.

மங்கையற்கரசி இலையின் அருகே போனார். “காளானும் வச்சிருக்கிறீங்க,” என்றார் மெதுவாக. “மழை பெஞ்சா விடியமுன்னம் புத்துப் புத்தாத் திரிஞ்சு புடுங்கிக்கொண்டு வருவார்.”

தக்ஷாயினிக்கு அப்போது விளங்கியது. “ஐயோ அம்மா! அப்பிடி இல்ல! இது படையல் இல்ல. நான் போட்டோ எடுக்க வச்சது. அந்த வைனுக்குப் புகை படக் கூடாது எண்டு கதவைச் சாத்தினம். அவ்வளவுதான். சொல்லுங்க சித்தப்பா! ஏன் மரம் மாதிரி நிக்கிறீங்க? சொல்லுங்க!”

உதயரூபன் சொன்னால் போதும். ‘ஓம் மச்சாள், பிழையா விளங்கிட்டீங்க’ என்றால் தீர்ந்தது. மூவரும் சிரிக்கலாம், சாப்பிடலாம். நாளை மறுநாள் விமானம் ஏறலாம். அடுத்த சித்திரைக்கு அலுமாரியில் இன்னொரு சேட்டு ஏறும்.

மங்கையற்கரசி திரும்பினார். “நீ சொல்லு தம்பி. இது என்ன?”

உதயரூபன் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். இருபத்தொன்பது வயது அண்ணன். தன்னைவிட எவ்வளவோ இளையவன்.

“படையல்தான் மச்சாள்.”

தக்ஷாயினியின் கையில் இருந்த அகப்பை கீழே விழுந்தது.

“லொறி வரல்ல,” என்றார் உதயரூபன். தொடங்கியபின் நிற்கவில்லை. “ஒரு லொறியும் வரல்ல. அண்ணா தோணியிலயே போயிட்டார். ஒரு சத்தமும் போடல்ல. நான் கண்ணா வேருக்குள்ள ஒளிச்சுக் கிடந்தன், பாத்துக்கொண்டு. மறுகா திட்டில… கையாலதான்… மண்வெட்டி இருக்கல்ல. நீங்க வயித்தில பிள்ளையோட நிண்டீங்க. வாய் வரல்ல மச்சாள்.”

“எனக்கும் சேத்தா பொய் சொன்னீங்க?” தக்ஷாயினி சுவரோடு சாய்ந்து தரையில் இருந்துவிட்டாள். “பள்ளிக்கூடத்தில வருசம் வருசம் ஒரு கடுதாசி தருவாங்க சித்தப்பா. தகப்பன் இருக்கிறாரா இல்லையா எண்டு. எல்லாத்திலயும் ‘இருக்கிறார்’ எண்டு எழுதினன். ரீச்சர் ஒராள் அத வெட்டி எழுதச் சொன்னா. அவவோட சண்டை பிடிச்சு அடி வாங்கினன்.”

உதயரூபன் குனிந்து, விழுந்து கிடந்த அகப்பையை எடுத்து மேசையில் வைத்தார்.

மங்கையற்கரசி அழவில்லை. கதிரையை இழுத்து இலையின் முன்னால் அமர்ந்தார். படையல் திறந்தபின் வீட்டுக்காரர் அதைச் சாப்பிட வேண்டும். ஒரு துண்டு காளானும் கொஞ்சம் இறைச்சியும் எடுத்து வாயில் வைத்து மென்றார். கிளாஸை எடுத்தார்.

“முதல் மணந்து பாருங்க மச்சாள்.” எத்தனையோ வருடத் தொழில், அந்த நேரத்திலும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னபின் கூசினார்.

மங்கையற்கரசி மணந்து பார்த்தார். கண்ணை மூடி நெடுநேரம் மணந்தார்.

“புத்துமண்,” என்றார். குடித்தார். “கசக்கும் எண்டு நினைச்சன்.”

“இறைச்சியோட சேர்ந்தாக் கசக்காது.”

“ம்.” கிளாஸை அவர் பக்கம் நீட்டினார். “நீயும் குடி. உன்ர கையால மூடினாய். நீயும் குடிக்கத்தான் வேணும்.”

வாங்கிக் குடித்தார். வைன் உயிரோடு இருந்தது. நாக்கை இழுக்கவில்லை, சுடவில்லை. காய்ந்த பழம், நனைந்த சருகு, எங்கோ அடியில் மெல்லிய புகை. விழுங்கியபின்னும் தொண்டையில் நெடுநேரம் நின்றது. நிலவறையில் எத்தனையோ நல்ல வைன் சுவைத்திருக்கிறார். ஒன்றையும் அழுதுகொண்டு குடித்ததில்லை.

“மன்னிச்சிருங்க எண்டு கேக்க எனக்கு வாயில்ல,” என்றார். “முப்பத்திநாலு வருசம் உங்கள நம்பவச்சு, கேம்ப் கேம்பா, கந்தோர் கந்தோரா அலையவிட்டன்.”

“அலைஞ்சன்தான்.” மங்கையற்கரசி விரலால் மேசையில் ஒட்டிய மெழுகைச் சுரண்டினார். “நீ போனில ஒரு நாளைக்காவது சொல்லுவாய் எண்டு பாத்தன். நீ சொல்லல்ல. காத்திருக்கிற மாதிரி இருந்து இருந்து, மறுகா மெய்யாவே காத்திருக்கத் தொடங்கிட்டன். அவர ரெண்டாந்தரமும் சாகக் குடுக்க மனம் வரல்ல.”

உதயரூபன் கிளாஸைக் கீழே வைத்தார். “ரெண்டாந்தரமா? அப்ப… முதல்தரம் எப்ப மச்சாள்?”

“அண்டைக்கு நீ இடுப்பால கழட்டிப் போட்ட, ரத்தம் ஊறின சாரத்தக் கிணத்தடியில தோய்ச்சது நான்தானே தம்பி. அந்த நேரம் நான் பொட்ட அழிச்சிருந்தா, சாவைக் கண்டு வந்து சொன்னது ஆர் எண்டு உன்னத் தேடி வந்திருப்பாங்கள்.”